வயலில் இரண்டு குலுக்கல்கள்: மாதிரி எடுப்பதும் சோதனை வகுப்பதும்

தை மாதத்தில் சம்பா அறுவடை தொடங்கும்போது, காவிரிப் படுகையின் ஏதேனும் ஓர் ஊரில் நான்கைந்து பேர் கயிறும் முளைக்குச்சியும் தராசுமாக வரப்பில் நிற்பதைப் பார்க்கலாம். அவர்கள் செய்வது பயிர் அறுவடைப் பரிசோதனை. ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் சதுரத்தைக் கயிறு கட்டி அளந்து, அதற்குள் நிற்கும் கதிரை மட்டும் அறுத்து, அடித்துத் தூற்றி எடை போடுவார்கள். ஒரு ஹெக்டேரில் அப்படி 400 சதுரங்கள் அடங்கும் என்பதால், 12 கிலோ வந்தால் ஹெக்டேருக்கு 4,800 கிலோ என்று கணக்கு. ஊருக்குப் பயிர்க் காப்பீட்டு இழப்பீடு உண்டா இல்லையா என்பது இப்படிச் சில வயல்களில் கிடைக்கும் எடைகளின் சராசரியைப் பெரிதும் பொறுத்தது. ஆகவே கூடி நிற்பவர்கள் எல்லோருடைய கண்ணும் அந்தச் சதுரம் எங்கே விழுகிறது என்பதில்தான் இருக்கும். "சார், அங்க வேண்டாம், இந்த மூலையில கட்டுங்க. இங்கதான் புகையான் அடிச்சுக் கெடக்கு" என்பார் வயல்காரர். "எடத்த நான் எடுக்கலைங்க, நம்பர் எடுத்தது" என்று அலுவலர் கையிலிருக்கும் தாளைக் காட்டுவார்.

அலுவலர் சொல்வது தட்டிக்கழிப்பு அல்ல. வயலின் தென்மேற்கு மூலையில் நின்று, சமவாய்ப்பு எண்களிலிருந்து வந்த இரண்டு எண்களை எடுத்துக்கொண்டு, நீளவாக்கில் இத்தனை காலடி, அகலவாக்கில் இத்தனை காலடி என்று நடந்து, கால் நின்ற இடத்தில் முதல் முளையை அடிக்க வேண்டும். அங்கே பயிர் செழித்திருந்தாலும் சாய்ந்து கிடந்தாலும் இடத்தை மாற்றக் கூடாது. வயல்காரருக்கு மோசமான மூலை வேண்டும். கணக்குக் காட்ட வேண்டிய வேறொருவருக்கு நல்ல மூலை வேண்டும். இருவருக்கும் பொதுவாக இருக்க வேண்டியவரோ, தம்மை அறியாமலேயே 'பார்த்தால் நடுத்தரமாக இருக்கிற' இடத்துக்குப் போய்விடுவார். மூவருடைய கண்ணையும் விலக்கி வைப்பதற்குத்தான் எண்.

முதலாண்டு மாணவர்களுக்குப் புள்ளியியல் நடத்தும்போது நான் முதலில் திருத்த வேண்டியிருப்பது 'சமவாய்ப்பு' என்ற சொல்லைப் பற்றிய தவறான எண்ணத்தைத்தான். ஏதோ ஒன்றை, கைக்கு வந்ததை, கண்ணை மூடிக்கொண்டு எடுப்பதுதான் சமவாய்ப்பு என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது மிகுந்த கட்டுப்பாட்டோடு செய்ய வேண்டிய வேலை. பட்டியலில் உள்ள ஒவ்வொன்றுக்கும் தேர்வாவதற்கான வாய்ப்பு எவ்வளவு என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். எளிய சமவாய்ப்பு முறையில் அது எல்லாவற்றுக்கும் சமமாக இருக்கும். களத்தில் கொட்டிய நெல் அம்பாரத்தின் மேலிருந்து ஒரு கைப்பிடி அள்ளி ஈரப்பதம் பார்த்தால், அது வெயிலில் காய்ந்த மேல்நெல்லின் ஈரப்பதம். அடியில் வேர்த்துக் கிடக்கும் நெல்லுக்கு அந்தக் கைக்குள் வர வாய்ப்பே இல்லை. கொள்முதலில் 17 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருக்கக் கூடாது என்ற விதி நிற்கும்போது, கை எங்கே போகிறது என்பது சின்ன விஷயமல்ல.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது மாதிரி எடுப்பதைப் பற்றி நம்மிடம் இருக்கும் பழமொழி. அது பொய்யல்ல, ஆனால் உலையைப் பற்றியது. கொதிக்கும் நீர் பருக்கைகளை ஓயாமல் புரட்டிப் போடுகிறது. அதனால் எந்தப் பருக்கையை எடுத்தாலும் ஏறக்குறைய ஒன்றுதான். வயலை யாரும் அப்படிப் புரட்டி வைக்கவில்லை. மடையருகே ஒரு விளைச்சல், தாழ்ந்த கோடியில் வேறொரு விளைச்சல். அங்கே உலைநீரின் வேலையைச் செய்வது குலுக்கல்.

இதே சதுரத்தில் இன்னொரு பிழையும் ஒளிந்திருக்கிறது. கயிற்றின் மேலேயே நிற்கும் நெற்குத்து (ஒரே இடத்தில் நட்டு வளர்ந்த தூர்) உள்ளேயா வெளியேயா என்ற ஐயம் வரும்போது, அறுப்பவர் பெரும்பாலும் அதை உள்ளே சேர்த்துவிடுகிறார். நான்கு பக்கமும் பத்து சென்டிமீட்டர் மட்டும் இப்படி விரிந்தால், 25 சதுர மீட்டர் 27.04 ஆகிவிடும், விளைச்சல் எட்டு சதவீதம் கூடித் தெரியும். சதுரம் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டராக இருந்தாலோ அதே பத்து சென்டிமீட்டர் 44 சதவீதம் கூட்டிக் காட்டும். 1940களில் இந்தியப் புள்ளியியலாளர்களான பி. சி. மகாலனோபிசும் பி. வி. சுகாத்மேயும் வெட்டும் சதுரத்தின் அளவு பற்றிக் கடுமையாக மாறுபட்டனர். சிறிய சதுரங்கள் விளைச்சலை மிகையாகக் காட்டும் என்பது சுகாத்மேயின் வாதம். ஒரே பக்கம் சாயும் இத்தகைய பிழை, எத்தனை வயலில் வெட்டினாலும் சராசரியில் கரையாது. தற்செயலாகக் கூடியும் குறைந்தும் வரும் பிழை எண்ணிக்கை கூடக் கூடச் சுருங்கும். சாய்வு அப்படியே நிற்கும். இந்த வேறுபாடு பிடிபட்டுவிட்டால் பாதிப் பாடம் முடிந்தது.

குடத்துக்குள் யார் பெயர் இருக்கிறது?

இனி வயலை விட்டு ஊருக்கு வருவோம். 600 சாகுபடியாளர்கள் உள்ள ஓர் ஊரில், இந்த ஆண்டு குறுவைக்குத் தண்ணீர் உரிய நேரத்தில் வந்ததா என்று 60 பேரிடம் கேட்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 600 பேரும் முழுமைத் தொகுதி. 60 பேர் மாதிரி. பள்ளிப் பாடநூல் இதைக் 'கூறு' என்றும், எடுக்கும் செயலைக் 'கூறெடுப்பு' என்றும் சொல்லும். காலை பத்து மணிக்கு டீக்கடையில் உட்கார்ந்து கேட்டால், அந்த நேரத்தில் வயலில் இல்லாத ஆண்கள் மட்டும் கிடைப்பார்கள். அதை விட்டுவிட்டு, முறையாக ஒரு பட்டியலிலிருந்து குலுக்கி எடுக்கலாம் என்று முடிவு செய்கிறோம். எந்தப் பட்டியல்?

தொடக்கநிலைப் புத்தகங்கள் இந்தக் கேள்வியை ஒரு பத்தியில் முடித்துவிடுகின்றன. டெல்டாவில் அப்படி முடிக்க முடியாது. பட்டாதாரர் பட்டியலை எடுத்தால், அதில் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பவரின் பெயர் இருக்கும். அவர் நிலத்தில் இறங்கிப் பல ஆண்டுகள் ஆகியிருக்கும். கோயில் நிலத்தையும் மடத்து நிலத்தையும் குத்தகைக்கு எடுத்து உழுபவரின் பெயர் பட்டாவில் இருக்காது. வாய்மொழிக் குத்தகை என்றால் எந்தத் தாளிலும் இல்லாமல் போகவும் கூடும். தண்ணீர் வந்ததா என்பதற்குப் பதில் தெரிந்தவர் அவர்தான். பட்டாப் பட்டியலிலிருந்து எவ்வளவு ஒழுங்காகக் குலுக்கினாலும் அவர் தேர்வாகும் வாய்ப்பு பூஜ்யம். எனவே அடங்கல் என்ற கிராமப் பயிர்க் கணக்கைப் பார்த்து, தெருத்தெருவாகக் கேட்டு, உண்மையில் யார் சாகுபடி செய்கிறார்கள் என்று பட்டியலைச் சரிசெய்வதில் செலவாகும் நான்கு நாள், மாதிரியை இரட்டிப்பாக்குவதைவிட அதிகப் பயன் தரும் என்பது என் அனுபவம்.

உத்திரமேரூர்க் கல்வெட்டு இந்த இடத்தில் நினைவுக்கு வருகிறது. சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட அது, சபை வாரியங்களுக்கு (குழுக்களுக்கு) உறுப்பினரைக் குடவோலையால் தேர்ந்தெடுக்கும் விதியை நுணுக்கமாகச் சொல்கிறது. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டுக் குலுக்க வேண்டும். உள்ளே இருப்பது என்னவென்று அறியாத சிறுவன் ஒருவன் எடுக்க வேண்டும். அதை வாங்குபவர் ஐந்து விரலையும் அகல விரித்த உள்ளங்கையில் வாங்க வேண்டும். விரலிடுக்கில் வேறொரு ஓலையை ஒளித்து வைக்க வழியில்லை. குலுக்கலின் நேர்மையை இதைவிடக் கவனமாக எழுதிவைப்பது கடினம். ஆனால் ஓலையில் பெயர் ஏற வேண்டுமானால் வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு (வேலி என்பது நில அளவு) மேல் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதக் கல்வி வேண்டும். இவை இல்லாத ஊராரின் பெயர் குடத்துக்குள் போகவே இல்லை. குலுக்கல் சரியாக இருப்பதும் பட்டியல் முழுமையாக இருப்பதும் வேறு வேறு.

அதே கல்வெட்டில் இன்னொரு நுட்பமும் உண்டு. ஊர் குடும்பு எனப்படும் 30 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு குடும்பிலிருந்தும் ஒருவர் வரும்படி குலுக்கல் அமைந்திருந்தது. இன்று இதை அடுக்கு முறை மாதிரி என்போம். நம் ஊருக்கு இதைப் பொருத்திப் பார்க்கலாம். தண்ணீரைப் பற்றிய கேள்வியில் தலைமடைக்காரரும் கடைமடைக்காரரும் ஒரே பதிலைச் சொல்ல மாட்டார்கள். 600 பேரையும் ஒரே குடத்தில் போட்டுக் குலுக்கினால், தற்செயலாகக் கடைமடைக்காரர் மிகக் குறைவாக வந்துவிடலாம். அதற்கு மாறாகத் தலைமடையில் 200 பேர், இடைமடையில் 250 பேர், கடைமடையில் 150 பேர் என்று மூன்று குடமாகப் பிரித்து, பத்துக்கு ஒருவர் வீதம் 20, 25, 15 என்று எடுத்தால், மாதிரிக்குள் ஊரின் வடிவம் குலையாமல் இருக்கும். அடுக்குக்குள் இருப்பவர்கள் ஒருவரையொருவர் எவ்வளவு ஒத்திருக்கிறார்களோ அவ்வளவுக்கு இந்த முறை துல்லியம் தரும்.

முறைசார் மாதிரி இன்னும் எளிது. 1 முதல் 10 வரை ஒரு தொடக்க எண்ணைக் குலுக்கி, 7 வந்தால் பட்டியலில் 7, 17, 27 என்று எடுத்துக்கொண்டே போவது. பட்டியலின் வரிசையில் ஏதாவது தாளகதி இருந்தால் மட்டும் ஆபத்து: வாய்க்கால் வரிசைப்படி எழுதிய பட்டியலில் ஒவ்வொரு பத்தாவது வயலும் மடையை ஒட்டியதாக அமைந்துவிட்டால், எடுத்த அறுபதும் மடையோர வயலாகிவிடும், அல்லது ஒன்றுகூட அப்படி இருக்காது.

ஊர் ஒன்றாக இல்லாமல் நூறு ஊர்களாக இருக்கும்போது, ஊருக்கு ஒருவர் என்று அலைவது கட்டுபடியாகாது. சில ஊர்களைக் குலுக்கி எடுத்து, அவற்றில் உள்ள எல்லோரையும் கேட்பது கொத்து முறை. எடுத்த ஊருக்குள் மறுபடி குலுக்கிச் சிலரை மட்டும் கேட்பது இரு கட்ட முறை. பேருந்துச் செலவு குறையும், ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. ஒரே வாய்க்கால், ஒரே விதைக்கடை, ஒரே நேரத்து நடவு என்று ஓர் ஊர்க்காரர்கள் ஒருவரைப் போல் ஒருவர் இருப்பார்கள். மூன்று ஊரில் கேட்ட 60 பேர், அறுபது ஊரில் கேட்ட 60 பேர் அளவுக்குச் செய்தி தருவதில்லை. அடுக்கையும் கொத்தையும் மாணவர்கள் அடிக்கடி குழப்பிக்கொள்கிறார்கள்: அடுக்கு முறையில் எல்லா அடுக்குகளிலிருந்தும் சிலர் வருவார்கள்; கொத்து முறையில் சில கொத்துகள் மட்டுமே வரும்.

எத்தனை பேரைக் கேட்டால் போதும் என்பதற்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு. ஆம், இல்லை என்ற வகைக் கேள்விக்கு, எளிய சமவாய்ப்பு மாதிரியில், 100 பேரைக் கேட்டால் விடை இருபுறமும் சுமார் பத்து சதவீதப் புள்ளிக்குள் இருக்கும் என்று 95 சதவீத நம்பிக்கையோடு சொல்லலாம். 400 பேர் என்றால் ஐந்து. 1,600 பேர் என்றால் இரண்டரை. துல்லியத்தை இரட்டிப்பாக்க நான்கு மடங்கு உழைக்க வேண்டும். முழுமைத் தொகுதியின் அளவு இந்தக் கணக்கில் ஏறக்குறைய வருவதே இல்லை. ரசத்தை நன்றாகக் கலக்கிவிட்டால், வீட்டு ஈயச் சொம்பானாலும் கல்யாண வீட்டு அண்டாவானாலும் உப்புப் பார்க்க ஒரு கரண்டிதான்.

தேர்வானவர் திருப்பூருக்கு வேலைக்குப் போயிருந்தால் பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டுவிட்டு வரலாமா என்று கணக்கெடுக்கப் போகும் மாணவர்கள் கேட்பார்கள். கூடாது. வெளியூருக்குப் பிழைக்கப் போனவர் நிலைமையும் வீட்டிலேயே இருப்பவர் நிலைமையும் ஒன்றாக இருந்தால் அவர் போயிருக்கவே மாட்டார்.

இரண்டாவது குலுக்கல்

இதுவரை பார்த்தது யாரைக் கேட்பது, எங்கே அளப்பது என்பதற்கான குலுக்கல். ஒன்று இன்னொன்றுக்குக் காரணமா என்று அறிவதற்கு அது போதாது. ஒற்றை நாற்றாக இடைவெளி விட்டு நடும் திருந்திய நெல் சாகுபடியை எடுத்துக்கொள்வோம். ஆயிரம் வயல்களைச் சரியாகக் குலுக்கி எடுத்துப் பார்த்து, திருந்திய முறையில் நட்ட வயல்களில் ஒரு மாவுக்கு (ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு) இரண்டு மூட்டை கூடுதலாகக் கண்டது என்று தெரிந்தாலும், முறைதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. அந்த முறையில் காயவிட்டு மறுபடி தண்ணீர் கட்ட வேண்டும். பம்புசெட் வைத்திருப்பவருக்குத்தான் அது எளிது. ஆற்றுத் தண்ணீரை மட்டும் நம்பியிருப்பவர் அதைத் தேர்ந்தெடுக்கத் தயங்குவார். கூடுதல் மூட்டை நடவு முறையால் வந்ததா, பம்புசெட்டால் வந்ததா? இரண்டும் பிரிக்க முடியாதபடி பின்னிக் கிடக்கின்றன. மாதிரியைப் பத்து மடங்காக்கினாலும் பின்னல் அவிழாது.

அவிழ்க்கும் வழி, யாருக்கு எது என்பதை அவரவர் விருப்பத்துக்கு விடாமல் குலுக்கலிடம் விடுவது. அதுதான் சோதனை. இதன் அடிப்படைகள் வகுக்கப்பட்டதும் வயலில்தான். 1919 இல் இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் சேர்ந்த புள்ளியியலாளர் ரொனால்டு ஃபிஷர், சமவாய்ப்பாகப் பகிர்வது, திரும்பத் திரும்பச் செய்து பார்ப்பது, ஒத்தவற்றை ஒரு தொகுதியாகச் சேர்ப்பது என்ற மூன்றையும் ஒரு முறையாக்கினார். 1922 இல் தொடங்கிய ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் தந்த ஏடிடீ 43 போன்ற ரகங்கள் விதைப்பைக்குள் வருவதற்கு முன் இத்தகைய துண்டு வயல்களைத் தாண்டித்தான் வருகின்றன.

ஒரு சிறிய சோதனையை முழுதாக வகுத்துப் பார்ப்போம். பஞ்சகவ்யம் தெளித்தால் நெல் விளைச்சல் கூடுமா? "போன வருஷம் தெளிக்கலை, இந்த வருஷம் தெளிச்சேன், கூடுதலா கண்டது" என்பது விடையல்ல. போன ஆண்டும் இந்த ஆண்டும் மேட்டூர்த் தண்ணீர் ஒன்றல்ல, மழையும் ஒன்றல்ல. ஒரே ஆண்டில் பாதி வயலுக்குத் தெளித்து, பாதியை விட்டுவிட்டால்? தெளித்த பாதி மடையோரமாக இருந்தால் வண்டலுக்குக் கிடைக்க வேண்டிய பெயரைப் பஞ்சகவ்யம் தட்டிக்கொண்டு போகும்.

ஆகவே ஓர் ஏக்கரை, நம் கணக்கில் மூன்று மாவை, 12 துண்டுகளாகப் பிரிக்கிறோம். மடை மேற்கில் இருக்கிறது என்றால், மேற்கிலிருந்து கிழக்காக ஆறு வரிசை. ஒவ்வொரு வரிசையிலும் மடையிலிருந்து ஒரே தொலைவில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு துண்டு. இந்த இணைதான் தொகுதி. தண்ணீராலும் வண்டலாலும் வரும் வேறுபாடு பெரும்பாலும் வரிசைக்கும் வரிசைக்கும் இடையில் போய்விடுவதால், இணைக்குள் இருக்கும் இரண்டும் ஏறக்குறையச் சமம். 'ஏறக்குறைய' என்ற மிச்சத்தைக் கவனிக்க ஒரு ரூபாய் நாணயம் வேண்டும். ஒவ்வொரு வரிசைக்கும் பூவா தலையா போட்டு, பூ விழுந்தால் வடக்குத் துண்டுக்கும் தலை விழுந்தால் தெற்குத் துண்டுக்கும் பஞ்சகவ்யம், பத்து லிட்டர் நீருக்கு 300 மில்லி வீதம். மற்றத் துண்டை அப்படியே விட்டுவிடக் கூடாது. அங்கும் அதே நாளில், அதே கைத்தெளிப்பானால், அதே அளவு வெறும் தண்ணீர் தெளிக்க வேண்டும். இல்லையென்றால் பயன் தந்தது பஞ்சகவ்யமா, அதைக் கலந்த தண்ணீரா என்ற கேள்வி மிஞ்சும். தெளிப்பு காற்றில் பக்கத்துத் துண்டில் படும் என்பதால், ஓர வரிசைகளை விட்டுவிட்டு நடுவில் மட்டும் அறுக்க வேண்டும். எடை போடுபவருக்கு 1 முதல் 12 வரை துண்டு எண் மட்டும் தெரியட்டும். எதற்கு எது தெளித்தது என்ற தாள் வேறொருவர் பெட்டியில் இருக்கட்டும். குடவோலைச் சிறுவனின் வேலை இங்கே தராசுக்காரருக்கு.

ஆறு இணைகளுக்கு ஆறு முறை நாணயம் சுண்டினால் 64 விதமான பகிர்வுகள் சாத்தியம். பஞ்சகவ்யத்தால் எந்தப் பயனும் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஆறு வரிசையிலும் பஞ்சகவ்யத் துண்டே முந்துவது 64 இல் ஒரு முறைதான் நடக்கும், அதாவது ஒன்றரை சதவீதத்துக்குச் சற்று மேல். உண்மையில் ஆறும் முந்தியிருந்தால், இது வெறும் தற்செயல் என்று வாதிடுவது கடினம். ஐந்து முந்தி ஒன்று பின்தங்கினாலோ கதை மாறுகிறது. ஐந்தோ அதற்கு மேலோ தற்செயலாகவே முந்தும் வழிகள் 64 இல் ஏழு. ஒன்பது முறைக்கு ஒரு முறை நடக்கக் கூடியது. அதை வைத்து விளம்பரம் அடிக்க முடியாது. தாளடிப் பருவத்தில் இன்னும் பல இணைகளோடு மறுபடி செய்து பார்க்கலாம். நாணயம் சுண்டியதால்தான் இந்தக் கணக்கே போட முடிகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். துண்டுகளை நாமே 'சமமாகப் பார்த்து' ஒதுக்கியிருந்தால் 64 என்ற எண்ணுக்குப் பொருளே இல்லை.

இங்கே ஒரு பொதுவான சறுக்கல் உண்டு. ஒவ்வொரு துண்டிலும் 50 குத்துகளை எண்ணிவிட்டு, 600 அளவீடுகள் இருக்கின்றன என்று சில ஆய்வேடுகளில் எழுதிவிடுகிறார்கள். நாணயம் விழுந்தது துண்டுக்கு, குத்துக்கு அல்ல. ஒரு துண்டில் 50 குத்து எண்ணுவது அந்தத் துண்டை நன்றாக அளப்பதுதான், சோதனையை 50 முறை செய்வது ஆகாது. இருப்பவை 12 துண்டுகள், ஆறு இணைகள். அதேபோல், ஐப்பசி மழையில் ஒரு வரிசை மூழ்கினால் அந்த இணையை என்ன செய்வது என்பதை நடவுக்கு முன்பே எழுதிவைத்துவிட வேண்டும். எடை பார்த்த பிறகு முடிவு செய்தால், எந்த வரிசை மூழ்கியது என்பதே கைக்கு ஏற்றபடி மாறத் தொடங்கிவிடும்.

இந்தச் சோதனை காரணத்தைச் சொல்லும், ஆனால் அந்த ஒரு ஏக்கருக்குத்தான் சொல்லும். மன்னார்குடிப் பக்கத்துக் களிமண்ணில் கண்டதை வேதாரண்யத்து உவர் நிலத்துக்குப் பேச அதற்கு உரிமை இல்லை, ஏனென்றால் முதல் குலுக்கல் நடக்கவில்லை. வயல் நம் வசதிக்குக் கிடைத்தது. டெல்டா முழுமைக்கும் பேச வேண்டுமானால், தலைமடை, இடைமடை, கடைமடை என்று அடுக்கு பிரித்து ஊர்களைக் குலுக்கி எடுத்து, ஊருக்குள் வயல்களைக் குலுக்கி எடுத்து, எடுத்த ஒவ்வொரு வயலிலும் நாணயம் சுண்ட வேண்டும். நடைமுறையில் தேர்வான வயல்காரர்கள் எல்லோரும் தங்கள் நிலத்தில் பாதிக்கு வெறும் தண்ணீர் தெளிக்கச் சம்மதிக்க மாட்டார்கள். சம்மதித்தவர்களுக்குள் கிடைத்த விடை சம்மதித்தவர்களைப் பற்றியது. மறுத்தவர் எத்தனை பேர், எந்த மடையைச் சேர்ந்தவர்கள் என்பதை அறிக்கையில் எழுதிவிட்டால், படிப்பவர் அதற்கேற்ப விடையைக் கழித்து எடைபோட்டுக்கொள்வார்.